முள் எங்கே இருக்கிறது?

மொபைல் செயலி எழுதுகிறவர்கள் எல்லோருக்கும் ஒட்டுக்கேட்கத் தெரியும். வேலையில் ஒரு பகுதியே அதுதான். செயலியில் ஒரு பொத்தானை அழுத்தினால் எங்கோ இருக்கும் சர்வருக்கு ஒரு கோரிக்கை போகிறது, அங்கிருந்து ஒரு பதில் வருகிறது. பதில் தப்பாக இருந்தால் தப்பு யாருடையது? செயலி எழுதிய எங்களுடையதா, சர்வர் பக்கம் எழுதியவர்களுடையதா? எல்லா அலுவலகத்திலும் தினமும் நடக்கிற சண்டை இது. தீர்த்துவைக்க ஒரே வழிதான் உண்டு. இரண்டு பேருக்கும் நடுவில் போய் உட்கார்ந்து, யார் என்ன சொன்னார்கள் என்று நாமே கேட்பது.

அதற்கென்று இருக்கும் கருவிகளை டீபக்கிங் ப்ராக்ஸி என்போம். விண்டோஸ்காரர்களில் பலர் எரிக் லாரன்ஸ் 2003-இல் எழுதிய ஃபிட்லரில் தொடங்கியிருப்பார்கள். மேக் வைத்திருப்பவர்கள் சார்ல்ஸ் என்பார்கள். நான் வைத்திருப்பது மிட்ம்ப்ராக்ஸி. ஆல்டோ கோர்டேசி 2010-இல் தொடங்கிய திறமூல மென்பொருள். லேப்டாப்பில் இதை ஓடவிட்டு, போனின் வைஃபை அமைப்புக்குள் போய், ப்ராக்ஸி என்ற இடத்தில் லேப்டாப்பின் ஐபி முகவரியையும் 8080 என்ற போர்ட் எண்ணையும் கொடுத்தால் போதும். அதன்பிறகு போன் பேசுவது லேப்டாப் திரையில் வரிசையாக வந்து விழும். எந்த முகவரிக்குப் பேசியது, எத்தனை மணிக்கு, எத்தனை பைட்.

முதல் தடவை பார்க்கிற யாரும் கொஞ்சம் ஆடித்தான் போவார்கள். போனை மேசைமேல் வைத்துவிட்டு டீ குடித்துவிட்டு வந்தால் திரை நிறைய வரிகள் ஓடியிருக்கும். கீபோர்டு எங்கோ பேசியிருக்கும். டார்ச் செயலி ஏதோ ஒரு விளம்பர நிறுவனத்திடம் நலம் விசாரித்திருக்கும். நாம் யாரும் போனைத் தொட்டிருக்கவே மாட்டோம்.

மிட்ம் என்பது 'நடுவில் இருக்கும் ஆள்' என்பதற்கான ஆங்கிலச் சுருக்கம். பாதுகாப்புத் துறையில் அது ஒரு தாக்குதலின் பெயர். திருடனின் பெயரையே தனக்கு வைத்துக்கொண்ட கருவி இது. அந்தப் பெயர் எவ்வளவு சரி என்பதைத்தான் எழுத நினைக்கிறேன்.

*

நடுவில் உட்கார்ந்தால் மட்டும் இன்று எல்லாம் கேட்டுவிடாது. ஏறக்குறைய எல்லா உரையாடலும் இப்போது உறைக்குள் போகிறது. முகவரியின் தொடக்கத்தில் எச்டிடிபிஎஸ் என்று வருகிறதே, அதுதான் உறை. அது இல்லாத காலத்தில் நடுவில் இருந்தவர்கள் என்னவெல்லாம் செய்தார்கள் என்பதற்கு பெங்களூரில் ஓர் உதாரணம் உண்டு. 2015 ஜூனில் தேஜேஷ் என்ற மென்பொருள்காரர் ஏர்டெல் 3ஜி வழியாகத் தன்னுடைய வலைத்தளத்தையே திறந்து பார்த்தபோது, அவர் எழுதாத ஒரு ஜாவாஸ்கிரிப்ட் வரி பக்கத்துக்குள் இருந்தது. வழியில் யாரோ செருகியிருக்கிறார்கள். அதை அவர் கிட்ஹப்பில் எல்லோரும் பார்க்கப் போட்டார். அந்த நிரலுக்குச் சொந்தமான இஸ்ரேலிய நிறுவனத்தின் வக்கீலிடமிருந்து அவருக்கு நோட்டீஸ் வந்தது. வாடிக்கையாளர்கள் எவ்வளவு டேட்டா செலவழிக்கிறார்கள் என்று காட்டுவதற்கான ஏற்பாடுதான் அது என்பது ஏர்டெல் சொன்ன விளக்கம். செருகியவர்களுக்கு வராத நோட்டீஸ், செருகியதைப் பார்த்துச் சொன்னவருக்கு வந்தது.

உறை இருந்தால் இதைச் செய்ய முடியாது. வெளியே எழுதியிருக்கும் முகவரி மட்டும்தான் தெரியும், உள்ளே இருப்பது தெரியாது. அப்படியானால் எங்களைப் போன்றவர்கள் எப்படிப் பார்க்கிறோம்?

எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குத் தபால்காரரே கடுதாசியைப் பிரித்துப் படித்துக்காட்டிய காலம் ஒன்று இருந்தது. பட்டாளத்திலிருந்து மகன் எழுதியதை அவர் குரலில்தான் தாய் கேட்டிருப்பாள். பதிலையும் அவரே எழுதிக்கொண்டு போவார். அவர் ஒரு வரியை விட்டுவிட்டுப் படித்தாலும் அவளுக்குத் தெரியாது. டீபக்கிங் ப்ராக்ஸி அந்தத் தபால்காரர்தான். சர்வரிடம் 'நான்தான் போன்' என்கிறது. போனிடம் 'நான்தான் சர்வர்' என்கிறது. இரண்டு பக்கமும் ஆளுக்கொரு உறை, நடுவில் மேசைமேல் கடிதம் திறந்து கிடக்கும்.

தாய் தபால்காரரை நம்பினாள். ப்ராக்ஸியைப் போன் எதற்காக நம்ப வேண்டும்? அங்கேதான் சான்றிதழ் வருகிறது. ஒவ்வொரு சர்வரும் 'நான் இன்னார்' என்று ஒரு சான்றிதழ் காட்டும். அதில் கையெழுத்துப் போட்ட அமைப்பின் பெயர் தன் பட்டியலில் இருந்தால் போன் நம்பும். அந்தப் பட்டியல் போன் கடையிலிருந்து வரும்போதே உள்ளே இருக்கிறது, நூற்றுக்கும் மேற்பட்ட பெயர்களோடு. ப்ராக்ஸி வேலை செய்ய வேண்டுமானால் அதன் சொந்தச் சான்றிதழையும் நாம் அந்தப் போனில் சேர்க்க வேண்டும். சேர்த்தபிறகு அது எந்தத் தளத்தின் பெயரில் வேண்டுமானாலும் அந்த நொடியே ஒரு சான்றிதழ் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் காட்டும். போனும் தலையாட்டும்.

அந்தக் கையெழுத்து தப்பான கைக்குப் போனால் என்ன ஆகும் என்பதை 2014 ஜூலையில் இந்தியாவே பார்த்தது. தங்களுக்குத் தெரியாமல் தங்கள் தளங்களின் பெயரில் சான்றிதழ்கள் எழுதப்பட்டிருப்பதை கூகுள் கண்டுபிடித்தது. கையெழுத்து, மத்திய அரசின் தேசிய தகவல் மையமான என்ஐசியுடையது. என்ஐசிக்கு அந்த அதிகாரத்தைத் தந்தது இந்திய அரசின் சான்றிதழ் கட்டுப்பாட்டாளர் அலுவலகம். அதன் மூலச் சான்றிதழ் மைக்ரோசாஃப்டின் பட்டியலில் இருந்ததால், விண்டோஸில் ஓடும் பல மென்பொருட்கள் போலியை அசல் என்றே எடுத்துக்கொண்டிருக்கும். ஆண்ட்ராய்டு, ஆப்பிள், ஃபயர்ஃபாக்ஸ் பட்டியல்களில் அந்தப் பெயர் இல்லை, அதனால் அவை தப்பின. என்ஐசியின் சான்றிதழ் வழங்கும் முறைக்குள் யாரோ புகுந்துவிட்டார்கள் என்றும், போலிகள் நான்கு, மூன்று கூகுள் பெயரில், ஒன்று யாகூ பெயரில் என்றும் கட்டுப்பாட்டாளர் தரப்பு சொன்னது. நான்குக்கு மேலும் இருப்பது எங்களுக்குத் தெரியும் என்றது கூகுள். அதன்பிறகு இந்திய அரசின் கையெழுத்து ஏழு டொமைன்களுக்கு மட்டுமே செல்லும் என்று க்ரோமில் சுருக்கிவிட்டார்கள்.

ஆக, ஒரு போனில் ஒரு சான்றிதழைச் சேர்ப்பது என்பது சின்ன விஷயம் இல்லை. அலுவலகத்தின் சோதனைப் போனில் அதை எத்தனையோ தடவை செய்திருக்கிறேன். கை தானாகப் போகும். அதன் கனம் தெரிந்தது இன்னொருவர் போனில் செய்தபோதுதான்.

*

வீட்டிலிருந்தே வேலை என்று ஆனபிறகு 2021-இல் சென்னை வீட்டைக் காலி செய்துவிட்டு ஏற்காட்டுக்குப் போனேன். சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகள். மேலே போனால் சேர்வராயன் மலையின் குளிர், மத்தியானமே இறங்கிவிடும் பனிமூட்டம், செல்போன் டவர் நினைத்தால் வரும், நினைத்தால் போகும். நான் இருந்த வீட்டுக்குக் கீழே காபி எஸ்டேட். 1820-களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் இந்த மலைக்குக் கொண்டுவந்த காபி. நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி ஏறியிருக்கும்.

பக்கத்து வீட்டில் ஓர் அக்கா. வழக்கமாக ஏரிக்கரைப் பக்கம் மிளகாய் பஜ்ஜிக் கடை போடுகிறவர். கொரோனாவில் சுற்றுலாக்காரர்கள் வருவது நின்றதும் கடையும் நின்றது. அந்தக் குளிர்காலம் எஸ்டேட்டில் பழம் பறிக்கப் போய்க்கொண்டிருந்தார். நடுவில் ஒரு நாள், மகளின் பள்ளிச் செலவுக்காக, போனில் ஒரு கடன் செயலியை இறக்கியிருக்கிறார். ஐயாயிரம் கேட்டதற்கு 3,200 ரூபாய் வந்தது. மீதி 'செலவு'. ஏழாம் நாள் முழு ஐயாயிரத்தையும் கட்ட வேண்டும்.

எட்டாம் நாள் ஆரம்பித்தது. எஸ்டேட் மேஸ்திரிக்கு போன். மகளின் டீச்சருக்கு போன். கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவருக்கு அக்காவின் ஆதார் படத்தோடு 'திருடி' என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி. அக்கா என்னிடம் வந்தபோது அவர் கேட்டது கடனைப் பற்றி அல்ல.

"தம்பி, என் நாத்தனாதான். கடன் வாங்குனது அவ ஒருத்திக்குத்தான் தெரியும். டீச்சரம்மா நம்பரு, மேஸ்திரி நம்பரு ரெண்டும் அவகிட்ட இருக்கு. அவதான் குடுத்திருக்கா. அத மட்டும் எப்படியாச்சும் பாத்துச் சொல்லிடுங்க."

நாத்தனார் நாலு வீடு தள்ளி இருக்கிறார். பஜ்ஜிக் கடையில் கூட நின்றவர். பத்து நாளாக இரண்டு பேருக்கும் பேச்சில்லை. "அக்கா, அந்த ஆப்பே உங்க நம்பர் எல்லாத்தையும் எடுத்திருக்கும்" என்றேன். அவர் நம்பவில்லை. நான் சமாதானம் பேசுவதாக நினைத்தார். "நம்ம நம்பரு அவங்களுக்கு எதுக்கு தம்பி?"

பேசிப் புரியவைக்கிற விஷயம் இல்லை இது. காட்டத்தான் வேண்டும்.

அது யாரோ வைத்திருந்து கைமாறி வந்த போன், ஆண்ட்ராய்டு 6. முதலில் சான்றிதழ் போடாமல் ப்ராக்ஸியை மட்டும் நடுவில் வைத்தேன். உறைகளின் மேல்முகவரி மட்டும் ஓடியது. கடன் செயலியைத் திறந்தபோது எந்த முகவரிகள் புதிதாக வருகின்றன என்று குறித்துக்கொண்டேன். பிறகு, அந்த இரண்டு மூன்று முகவரிகளைத் தவிர வேறெந்த உறையையும் பிரிக்காதே என்று ப்ராக்ஸிக்குச் சொல்லிவைத்தேன். அந்தப் போனில் அவருடைய ரீசார்ஜ், மகளின் பாடம், எல்லாமே இருந்தது. அதெல்லாம் எனக்கு வேண்டியதில்லை.

அடுத்து சான்றிதழ். ஆண்ட்ராய்டில் ஒரு விதி. போனுக்குப் பூட்டு இல்லையென்றால் சான்றிதழ் போட விடாது. அக்கா போனுக்கு அதுவரை பூட்டே கிடையாது. "அப்ப பூட்டு போட்டாத்தான் நீங்க உள்ள வரலாமா?" என்று சிரித்தார். பத்து நாளில் அவர் சிரித்துப் பார்த்தது அப்போதுதான். நாலு இலக்கத்தை நான் பார்க்காமல் திரும்பி நின்றேன்.

போட்டு முடித்ததும் மேலே ஓர் எச்சரிக்கை வந்து உட்கார்ந்தது. அறியாத மூன்றாம் தரப்பு ஒருவர் உங்கள் நெட்வொர்க்கைக் கண்காணிக்கலாம் என்கிற மாதிரி. அக்கா எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"யாரு தம்பி அந்த மூணாவது ஆளு?"

"நான்தான்க்கா."

கொஞ்ச நேரம் போனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "செரி, பாருங்க" என்றார். எத்தனையோ விதிமுறைப் பக்கங்களின் கீழே 'சம்மதிக்கிறேன்' பொத்தானை நானே எழுதியிருக்கிறேன். ஒருவர் ஆளைப் பார்த்துச் சம்மதம் சொல்லி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

செயலியைத் திறந்தால் நம்பர்கள் மறுபடியும் போய்விடுமே என்பதால், வெளியே போகிற ஒவ்வொரு கோரிக்கையையும் லேப்டாப்பிலேயே நிறுத்திவைக்கும்படி வைத்திருந்தேன். பார்த்துவிட்டு விடலாம், இல்லையென்றால் கொன்றுவிடலாம். முதலில் வந்தது உள்நுழைவு, விட்டேன். அடுத்தது போனின் மாடல், பேட்டரி அளவு. மூன்றாவது பெரிதாக இருந்தது. நிறுத்திவைத்துத் திறந்தேன்.

எண்கள் எல்லாம் அப்படியே இருந்தன. பெயர்கள் இருக்க வேண்டிய இடத்தில் சாய்கோடும் எழுத்தும் எண்ணுமாக ஏதோ இருந்தது. தமிழ் எழுத்துகளை யூனிகோடு எண்களாக மாற்றி அனுப்புகிற வழக்கம் அது. பைதானில் ஒரு வரி போட்டுத் திருப்பினேன். திரையில் தமிழ் வந்தது. கேஸ் அண்ணன். மேஸ்திரி. பாப்பா டீச்சர். ரேசன் கடை. அம்மா பழைய நம்பர். மொத்தம் 214 பேர். அக்கா எப்படிச் சேமித்து வைத்திருந்தாரோ அப்படியே. நாத்தனார் பெயரும் பாதிக்கு மேலே இருந்தது.

அக்கா விரலைத் திரையில் வைத்து ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே வந்தார். 'அம்மா பழைய நம்பர்' என்ற இடத்தில் நின்றார். அம்மா இறந்து இரண்டு வருடம் ஆகிறதாம், அந்த நம்பரை அழிக்க மனசு வரவில்லையாம்.

அந்தக் கோரிக்கையைக் கொன்றேன். வெகுநேரம் கழித்து அக்கா கேட்டார்: "பழம் எடை போடறப்ப முள்ளப் பாக்காம நாங்க மூட்டய விட மாட்டோம். எவ்ளோ வேண்டிய மேஸ்திரியா இருந்தாலும் சரி. இதுல முள்ளு எங்க தம்பி இருக்கு?"

சாயங்கால எடையை நானும் பார்த்திருக்கிறேன். கொக்கியில் மூட்டை ஏறும்போது பறித்த ஆள் தராசுக்கு நேரே வந்து நிற்பார். அதில் சந்தேகமும் இல்லை, மரியாதைக் குறைவும் இல்லை. அது முறை. போனில் அந்த முள் இல்லை. அன்று ஒரு மணி நேரத்துக்கு நான் ஒன்றை ஒட்டவைத்தேன், அவ்வளவுதான்.

பிறகு செயலியை நீக்கினோம். சான்றிதழை அக்காவையே எடுக்கச் சொன்னேன். மேலே இருந்த எச்சரிக்கை போனது. பூட்டை மட்டும் அவர் வைத்துக்கொண்டார்.

தொல்லை அன்றோடு நிற்கவில்லை. இன்னும் மூன்று வாரம் புதுப்புது எண்களிலிருந்து அழைப்பு வந்தது. சைபர் குற்றத் தளத்தில் புகார் பதிந்தோம். ஆனால் இப்போது அக்காவிடம் ஒரு பட்டியல் இருந்தது. முக்கியமான முப்பது நாற்பது பேருக்கு அவரே முந்திக்கொண்டு போன் செய்தார். இப்படி ஒரு செய்தி வரும், என் போனிலிருந்து உங்கள் நம்பரைத் திருடியிருக்கிறார்கள் என்று. டீச்சரம்மா தனக்கும் ஒரு தடவை இப்படி நடந்தது என்றாராம். ஏரிக்கரைக் கடை திரும்பவும் திறந்தபோது ஒரு நாள் பஜ்ஜி வாங்கப் போனேன். நாத்தனார் பின்னால் உட்கார்ந்து மிளகாய்க்குக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தார்.

*

அந்த ஒரு போனில் நடந்தது அந்த ஒரு போனோடு முடிகிற கதை இல்லை. ரிசர்வ் வங்கி 2021 ஜனவரியில் அமைத்த பணிக்குழு, அந்த வருடத்தின் முதல் இரண்டு மாதத்தில் மட்டும் இந்தியர்களுக்குக் கிடைத்த சுமார் 1,100 கடன் செயலிகளைக் கணக்கெடுத்தது. அதில் 600 சட்டவிரோதமானவை. 2022 செப்டம்பர் 2 அன்று வெளியான ரிசர்வ் வங்கியின் நெறிமுறை, கடன் செயலிகள் தொடர்பு எண்களையும் அழைப்புப் பதிவையும் கோப்புகளையும் தொடக் கூடாது என்றது. 2023 மே 31-இலிருந்து கூகுள் ப்ளேயும் அதையே விதியாக்கியது. நல்ல விதிகள்தான். ஆனால் விதி மீறப்படுகிறதா என்று யாராவது பார்த்தால்தானே தெரியும்?

பார்ப்பதால் என்ன ஆகும் என்பதற்கு 2018 மார்ச் ஒரு சாட்சி. ராபர்ட் பாப்டிஸ்ட் என்ற பிரெஞ்சு ஆய்வாளர் பிரதமர் பெயரிலான செயலியின் போக்குவரத்தைப் பார்த்து, பயனர்களின் பெயர், மின்னஞ்சல், படம் எல்லாம் மூன்றாவது ஒரு நிறுவனத்தின் முகவரிக்குப் போகிறது என்று ட்விட்டரில் எழுதினார். அடுத்து காங்கிரஸ் செயலியைப் பார்த்தார். உறுப்பினர் விவரங்கள் உறையே இல்லாமல் போய்க்கொண்டிருந்தன. சில நாட்களிலேயே அந்தச் செயலி ப்ளே ஸ்டோரில் இல்லை. இரண்டு கட்சிக்காரர்களும் ஒருவரையொருவர் திட்டிக்கொண்டார்கள். எனக்கு அதில் முக்கியமாகப் பட்டது வேறு. ஒரு தனி ஆள், தன் கையில் இருக்கும் ஒரு போன், ஒரு ப்ராக்ஸி. இவ்வளவை வைத்துக்கொண்டு இரண்டு பெரிய கட்சிகளையும் பதில் சொல்லவைக்க முடிந்தது.

அது இப்போது கடினமாகிக்கொண்டே வருகிறது. அக்கா போன் ஆண்ட்ராய்டு 6 என்பதால்தான் அன்று என்னால் காட்ட முடிந்தது. 2016-இல் வந்த ஆண்ட்ராய்டு 7-இலிருந்து விதி மாறிவிட்டது. அதற்கென எழுதப்படும் செயலிகள், போனின் சொந்தக்காரர் தானாகச் சேர்த்த சான்றிதழை இயல்பாக நம்பாது. செயலியை எழுதியவர் அனுமதித்தால் மட்டுமே நம்பும். அதற்கு மேல், எங்கள் சர்வரின் இந்தச் சாவியைத் தவிர வேறெதையும் ஏற்காதே என்று செயலிக்குள்ளேயே எழுதிவிடும் பின்னிங் என்ற முறையும் உண்டு. வங்கிச் செயலிகள் பலவற்றில் இருப்பது அதுதான். போனின் கட்டுப்பாடுகளையே உடைத்தால்தான் உள்ளே பார்க்கலாம். அது எல்லோராலும் முடிகிற காரியம் இல்லை.

இந்த மாற்றத்தை நான் எதிர்க்கவில்லை. சந்தேகப்படும் கணவன், வேவு பார்க்கும் முதலாளி, 'பரிசு விழுந்திருக்கிறது, இதை இன்ஸ்டால் செய்யுங்கள்' என்று கூப்பிடும் ஏமாற்றுக்காரன், எல்லோரும் செய்யக்கூடிய வேலைதான் அன்று நான் செய்தது. ஒரே ஒரு 'செரி' போதுமாக இருந்தது. என்னைப் போன்ற மூன்றாவது ஆளிடமிருந்து அக்காவைக் காக்கத்தான் அந்தப் பூட்டு. ஆனால் அதே பூட்டு அந்தக் கடன் செயலியையும் அக்காவிடமிருந்து காக்கிறது. வெளியார் கண்ணுக்காகச் செய்த உறை சொந்தக்காரர் கண்ணையும் மறைத்துவிட்டது. போன் யாருடையது என்ற கேள்விக்குக் கடை ரசீது ஒரு பதில் சொல்கிறது, சான்றிதழ்ப் பட்டியல் வேறொரு பதில் சொல்கிறது.

இரண்டையும் சேர்த்துச் செய்ய முடியாது என்று நான் நம்பவில்லை. 2021 டிசம்பரில் ஐபோனில் வந்த தனியுரிமை அறிக்கை, எந்தச் செயலி எந்த முகவரியோடு பேசியது என்று காட்டுகிறது. உறையின் மேல்முகவரி மட்டும்தான், ஆனால் ஆரம்பம். ஆண்ட்ராய்டு 12-இன் பலகை, எந்தச் செயலி எப்போது தொடர்பு எண்களைத் தொட்டது என்று சொல்கிறது. தொட்டதை எங்கே அனுப்பியது என்று சொல்வதில்லை. 2023-இன் தரவுப் பாதுகாப்புச் சட்டம், என்னைப் பற்றி உன்னிடம் என்ன இருக்கிறது என்று நிறுவனத்திடம் கேட்கும் உரிமையைத் தருகிறது. கேட்கலாம், அவர்கள் சொல்வார்கள். மேஸ்திரியிடம் எடை எவ்வளவு என்று கேட்பது மாதிரி. முள்ளைப் பார்ப்பது வேறு.

உங்கள் ஆண்ட்ராய்டு போனின் அமைப்புகளில், பாதுகாப்பு என்ற பகுதிக்குள், நம்பகமான சான்றிதழ்கள் என்று ஓர் இடம் இருக்கும். தேடித்தான் பிடிக்க வேண்டும். அங்கே இரண்டு பட்டியல்கள். சிஸ்டம் என்பதில் நூற்றுக்கும் மேற்பட்ட பெயர்கள், பெரும்பாலும் நீங்கள் கேள்விப்பட்டே இருக்காதவை. அவர்களில் யார் கையெழுத்துப் போட்டாலும் உங்கள் போன் நம்பும். இன்னொன்று யூசர். அது காலியாக இருக்க வேண்டும். ஏதாவது இருந்தால் யார் போட்டது என்று கேளுங்கள். அலுவலகத்தில் போட்டிருக்கலாம், வீட்டில் யாராவது போட்டிருக்கலாம். என்னைப் போல ஒருவர் உங்களிடம் கேட்டுக்கொண்டே போட்டிருந்தாலும், வேலை முடிந்ததும் உங்கள் கையாலேயே எடுத்துவிடுங்கள்.